பச்சை ஸ்வெட்டரும் பதினோரு மீன்களும்

தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்தது. ஒபாகெங் அதைக் காலால் தேய்த்துவிட்டுப் போனான். திரும்பி வந்தால் அதே இடத்தில் இன்னொரு சொட்டு. குனிந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். உப்பு!

ஒழுகுவது வெறும் மீன்தொட்டி இல்லை, அவன் மனைவி மொசிடியின் கடல். டர்பனில் நர்சிங் படித்தபோது கடல்மேல் பிடித்த பைத்தியம், கல்யாணமாகி, கடலே இல்லாத சுரங்க ஊரான ரஸ்டன்பர்க் வந்த பிறகும் அவளை விடவில்லை. பவளத்தைத் துண்டு துண்டாக வாங்கிச் சேர்த்து, ஏழு வருஷம் பிள்ளை மாதிரி வளர்த்தாள். அப்புறம் ரியாத்தில் ஆஸ்பத்திரி வேலை கிடைத்தது. இரண்டு வருஷ ஒப்பந்தம். கிளம்புகிற அன்று சமையலறைச் சுவரில், தொட்டியைப் பார்த்தபடி, ஒரு காமிராவைத் திருகினாள். சமையலறையையும் ஹாலையும் பிரிக்கிற தடுப்பே அந்தத் தொட்டிதான். அதற்கு அந்தப் பக்கம் சோபா.

"டியூட்டி முடிஞ்சு தினமும் ஒரு மணி நேரம் போன்ல பார்ப்பேன். ஏழுலேருந்து எட்டு வரைக்கும் தொட்டி லைட்டை அணைச்சுடாதே. நீயும் அந்த சோபாவை விட்டு நகராதே. ஏதாவது ஆச்சுன்னா பக்கத்துல ஆள் வேணும்ல?" என்றாள்.

இருபத்து மூன்று மாதமாக வாட்ச்மேன் மாதிரி உட்கார்ந்துகொண்டிருக்கிறான்.

இப்போது ஆஸ்பத்திரிக்காரர்கள் இன்னும் இரண்டு வருஷம் கேட்கிறார்கள். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட வேண்டும். "யோசிக்கிறேன்" என்றாள் மொசிடி. "வந்துடு" என்று சொல்ல அவனுக்கு அப்படி ஒரு ஆசை. அந்தச் சொல் தொண்டை வரை வரும். வெளியே விழும்போது, "மீனெல்லாம் நல்லா இருக்கு" என்று மாறியிருக்கும். சுரங்கத்து ஸ்டோரில் போல்ட் எண்ணுகிறவனுக்காக யார் நல்ல வேலையை விட்டு வருவார்கள்? மீனுக்காக என்றால் வருவாள். அதைத்தான் அவன் மலைபோல் நம்பியிருந்தான். கட்டிலில் அவள் பக்கம் காலியாகத் தெரியக் கூடாதென்று துவைத்த துணியை அங்கே குவித்து வைத்திருந்தான். ஆனாலும் அது காலியாகத்தான் தெரிந்தது.

வளர்ப்பு மீன்கடை ஃபானி மாமா வந்தார். அறுபது வயசு, எந்நேரமும் அரை டிராயர். மல்லாந்து படுத்துத் தொட்டியின் அடியைப் பார்த்தார்.

"பசை விட்டுப் போச்சு ஒபா. தண்ணியை இறைச்சுட்டு, பழசைச் சுரண்டிட்டுப் புதுசா ஒட்டணும். காயறதுக்கு ஒரு வாரம்."

"ஒரு வாரமா? ஏழு மணிக்கு அவ பார்ப்பா மாமா! மீன் எங்கேன்னு கேட்டா?"

"குளிக்கப் போயிருக்குன்னு சொல்லு."

அவர் கேலி செய்யவில்லை. பதினோரு மீன்களும் பம்ப், ஹீட்டர் சகிதம் குளியல் தொட்டிக்குத்தான் போயின. பவளங்களை, பாப் என்கிற சோளக்களி கிண்டுகிற பானைகளில் வைத்தார்கள். அன்றிலிருந்து ஒபாகெங் குளித்தது சுரங்கத்துப் பொதுக் குளியலறையில், சாப்பிட்டது ரொட்டி.

மாமா பசையைச் சுரண்டினார். சுரண்டச் சுரண்ட, முன்கண்ணாடி மொத்தமாக அவர் கையோடு வந்துவிட்டது.

"வந்ததும் நல்லதுக்குத்தான்" என்றார் மாமா, கண்ணாடியைக் குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு. "இப்பத்தான் சுத்தமா ஒட்ட முடியும்."

"ஏழு மணிக்கு என்ன மாமா பண்றது?"

"காமிராவோட பழைய பதிவு இருக்குல்ல? போன செவ்வாய்க்கிழமையதை எடுத்து டீவியில ஓட விடு. டீவியைத் தூக்கிக் காமிரா முன்னாடி வை. மீனுக்கு என்ன தெரியும், செவ்வாயா சனியான்னு? என்னைக்கும் ஒரே மாதிரிதான் சுத்தும்."

சனிக்கிழமை ஏழு மணிக்கு டீவியில் செவ்வாய்க்கிழமை ஓடியது. மீன்கள் ஜோராகச் சுற்றின. தண்ணீருக்குப் பின்னால், சோபாவில், அவனே உட்கார்ந்திருந்தான். அன்று மழை பெய்ததால் பச்சை ஸ்வெட்டர், மடியில் பாப் தட்டு. போனை எடுத்தான், பார்த்தான், வைத்தான். கொஞ்ச நேரத்தில் மறுபடி எடுத்தான், வைத்தான். பார்க்க அவனுக்கே பாவமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மொசிடி கூப்பிட்டாள்.

"நேத்தும் பச்சை ஸ்வெட்டர், இன்னைக்கும் அதேவா?"

"குளிருது."

"அக்டோபர் வெயில்லயா?"

சொல்லிவிட்ட பிறகு பின்வாங்க முடியுமா? மறுநாளிலிருந்து கொளுத்துகிற வெயிலில் ஸ்வெட்டரோடு வேலைக்குப் போனான். அவள் திடீரென்று வீடியோவில் வந்துவிட்டால் என்ன செய்வது? "உள்ள ஏதாவது சாமான் ஒளிச்சு வெச்சிருக்கியா?" என்று ஸ்டோரில் ஆளாளுக்குத் தடவிப் பார்த்தார்கள்.

செவ்வாய்க்கிழமை மறுபடி கூப்பிட்டாள்.

"ஏழு இருபதுக்குப் போனை எடுத்த. ஏன் கூப்பிடலை?"

"எப்போ?"

"நேத்தும் ஏழு இருபது. முந்தாநாளும் ஏழு இருபது. எடுக்குற, வைக்கிற. ஏதாவது சொல்லணுமா?"

அவன் தொண்டையில் அந்தச் சொல் வந்து நின்றது. "மீனெல்லாம் நல்லா இருக்கு" என்றான்.

போனை வைத்ததும் மாமாவிடம் ஓடினான். "நிமிஷக் கணக்கு வெச்சுப் பிடிக்கிறா மாமா! இன்னும் ரெண்டு நாள்ல மீன் எத்தனை சுத்து சுத்துதுன்னு எண்ணிடுவா."

"அப்போ வேற பதிவைப் போடு. ஸ்வெட்டர் இல்லாததா பார்த்து எடு."

புதன்கிழமை போட்ட பதிவில் ஸ்வெட்டர் இல்லை, வெள்ளைச் சட்டைதான். ஆனால் அது கரண்ட் போன நாள் என்பதை மறந்துவிட்டான். ஏழரைக்குத் திரையில் எல்லாம் இருண்டது. அடுத்த நிமிஷம் போன் அடித்தது.

"என்ன, இருட்டாப் போச்சு? இன்னைக்கு நம்ம ஏரியாவுல கட் கிடையாதே. நான் அட்டவணை பார்த்துட்டேன்."

ரியாத்தில் இருந்துகொண்டு ரஸ்டன்பர்க்கின் கரண்ட் கட் அட்டவணையைப் பார்க்கிறாள்! "திடீர்னு போயிடுச்சு" என்றான்.

"வீடியோல வா."

ஓடி ஓடி எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, மூச்சு வாங்க சோபாவில் உட்கார்ந்தான். போன் திரையின் வெளிச்சம் ஸ்வெட்டர்மேல் விழுந்தது.

"இப்பத்தானே வெள்ளைச் சட்டையில இருந்த? அதுக்குள்ள ஸ்வெட்டரா?"

"கரண்ட் போனதும் குளிர ஆரம்பிச்சுடுச்சு."

"சன்னல்ல பக்கத்து வீட்டு லைட் எரியுது."

"அவங்க ஜெனரேட்டர் வாங்கிட்டாங்க."

"தெருவிளக்குமா?"

அவன் சன்னல் தெரியாதபடி போனைத் திருப்பிக்கொண்டான்.

"ஒபா, என்ன ஆச்சு உனக்கு?" அவள் குரல் உடைந்திருந்தது.

"மீனெல்லாம் நல்லா இருக்கு."

"நான் வர்றேன். வெள்ளிக்கிழமை" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஒபாகெங்குக்குச் சந்தோஷத்தில் குதிக்க வேண்டும் போலவும் இருந்தது, ஓடிப்போக வேண்டும் போலவும் இருந்தது. வருகிறாள்! ஆனால் மீனைத் தேடி வருகிறாள். காலித் தொட்டியைப் பார்த்தால் அடுத்த பிளேனில் திரும்பிப் போய்க் கையெழுத்துப் போட்டுவிடுவாள்.

"இன்னும் ரெண்டு நாள் காயணும் ஒபா" என்றார் மாமா, வியாழக்கிழமை.

"நாளைக்கு வர்றா மாமா!"

உப்பைக் கரைத்து நிரப்பினார்கள். பாறைகளை அடுக்கினார்கள். "மீனையும் பவளத்தையும் மட்டும் சனிக்கிழமை விடலாம்" என்று மாமா ஒற்றைக்காலில் நின்றார். அவர் வாழ்க.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், வாசலில் டாக்சி நின்ற சத்தம் கேட்டது. அவன் திரும்பிப் பார்த்தான். அப்போதுதான் பின்னால் 'டப்' என்றது. கண்ணாடி கழன்று விழ, கடல் ஹாலுக்குள் இறங்கி, சோபாவைச் சுற்றிக்கொண்டு, கதவிடுக்கு வழியாக மொசிடியை எதிர்கொண்டு அழைக்கப் போனது.

கதவைத் திறந்தவளின் செருப்பு நனைந்திருந்தது. அவன் கணுக்கால் அளவுத் தண்ணீரில், அதைத் தடுக்க எடுத்த போர்வையோடு நின்றான்.

"மொசிடி, பதினோரு மீனும் உசுரோட இருக்கு. சத்தியமா! பவளம் பானையில..."

அவள் பெட்டியைத் தண்ணீரிலேயே போட்டாள். பாறைகளைத் தாண்டி நேரே வந்து அவன் நெற்றியில் கை வைத்தாள். கண் இமையை இழுத்துப் பார்த்தாள். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள்.

"கோமாளி மீன் ஜோடி இன்னும் கொழுத்துப் போச்சு..."

"வாயை மூடு. எண்ணிக்கிட்டிருக்கேன்." எண்ணி முடித்து, "முதல்ல அந்த ஸ்வெட்டரைக் கழட்டு" என்றாள். அவள் கண் சிவந்திருந்தது. பிளேனில் தூக்கம் இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். அவள் முகம் கழுவப் போனாள்.

"ஐயோ! இதென்ன கண்ராவி!" என்று குளியலறையில் அலறல் கேட்டது.

அவள் கைப்பையில் போன் அடித்தது. எடுத்தான். ரியாத்தில் அவளோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் நர்ஸ் தொபேகா.

"அண்ணே, நல்லா இருக்கீங்களா? புத்தியெல்லாம் தெளிவா இருக்கா? அஞ்சு நாளா ஒரே ஸ்வெட்டராம், அதே நிமிஷத்துல போனை எடுக்குறீங்களாம், இருட்டுல உக்காந்து பொய் சொல்றீங்களாம். அழுது தீர்த்துட்டா. ஒப்பந்தத்துல கையெழுத்தும் போடல, வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டுப் பெட்டியைக் கட்டிட்டா."

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. தொட்டிதான் உடைஞ்சு போச்சு. அவளுக்கு மீன்னா உயிராச்சே, அதான் ஓடி வந்துட்டா."

"மீனா?" தொபேகா சிரிக்க ஆரம்பித்தாள். "நல்லா இருக்கே கதை! ரெண்டு வருஷமா பக்கத்துக் கட்டில்லேருந்து கேக்குறேன். ஒரு மீன் குறுக்கே வந்தாப் போதும், 'சனியனே, நகரு! என் புருஷன் முகம் மறைக்குது'ன்னு கத்துவா."