ஆண்டெனாதான் கெட்டிருக்க வேண்டும்

பரமத்தி,
17.10.2025, பிற்பகல் மூன்று மணி.

ஜேடர்பாளையம் மாப்பிள்ளை திரு. குழந்தைவேல் அவர்களுக்கு, பரமத்தியிலிருந்து உங்கள் மச்சான் தண்டாயுதபாணி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், என் சம்சாரம் சுப்பம்மாள், எருமை மூவரும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. அங்கே உங்கள் மூட்டுவலி எப்படி என்று கேட்பது முறை, கேட்டுவிட்டேன். பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறவருக்குக் கடிதமா என்று தபால்காரர் சிரிப்பார். சிரித்துவிட்டுப் போகட்டும், இந்த வீட்டில் யாராவது சிரித்துப் பதினேழு நாள் ஆகிறது.

விஷயம் நம் ரேடியோதான். போர்வெல் ரிக் வண்டித் தொழிலை விட்டபோது எனக்கு மிஞ்சியது முதுகுவலியும் இரண்டு சி.பி. ரேடியோ செட்டும். டவர் இல்லாத காட்டில் போர் போடும்போது வண்டிக்கு வண்டி பேச வாங்கியவை. மாசி மாதம் என் தங்கை பழனியம்மாளின் காரியம் முடிந்த மறுவாரம் ஒன்றை உங்கள் வீட்டில் மாட்டிவிட்டு, இன்னொன்றை இங்கே மாட்டி, இரண்டு மொட்டைமாடியிலும் ஆளுக்கொரு ஆண்டெனா நட்டேன். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குப் பேசினோம். மழை வந்ததா, வாழை சாய்ந்ததா, என்ன குழம்பு, இவ்வளவுதான் பேச்சு. இறந்தவளைப் பற்றி ஒரு நாளும் பேசவில்லை. ஆனாலும் அந்த அரைமணி நேரத்தை நம்பித்தான் நான் காலையில் எழுந்திருக்கிறேன். இதை உங்களிடம் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் ஆறு மணிக்கு நான் மூன்று தடவை கூப்பிட்டேன். உங்களிடமிருந்து பதில் இல்லை, வெறும் இரைச்சல். எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ, ஏழு மாதமாக நெஞ்சில் கிடந்தது அப்படியே வாய்க்கு வந்துவிட்டது. "ஏனுங் மாப்ள, கேட்டுக்கிட்டே பேசாம இருக்கறீங்களா? நேரத்துல ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா எந்தங்கச்சி இன்னைக்கு இருந்திருப்பா" என்று சொன்னேன். சொல்லிவிட்டுச் செட்டை அணைத்துவிட்டேன். மறுநாள் ஆறு மணிக்குப் போட்டால் நீங்கள் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை.

போன் செய்ய வேண்டியதுதானே என்பாள் சுப்பம்மாள். உங்களுக்குச் செல்போனில் வருகிற அழைப்பை எடுக்கத் தெரியும், அழைக்கத் தெரியாது. ஆகவே நான்தான் அழைக்க வேண்டும். அழைத்து, மணி அடித்து, நீங்கள் எடுக்காமல் விட்டால் அப்புறம் சந்தேகத்துக்கே இடம் இல்லை. ரேடியோ அப்படியில்லை. பேச்சு வரவில்லை என்றால் ஆண்டெனா கெட்டிருக்கலாம். எனக்கு ஆண்டெனாதான் கெட்டிருக்க வேண்டும் மாப்பிள்ளை, வேறு எது கெட்டிருந்தாலும் என்னால் தாங்க முடியாது.

அதனால் மாடிக்கு ஏறினேன். முதல் நாளே நல்ல சகுனம். ஆண்டெனாவின் அடியில் காக்கை கூடு கட்டியிருந்தது, அதுவும் குச்சியில் இல்லை, துண்டுக் கம்பிகளில். கோளாறு கிடைத்துவிட்டது என்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். கூட்டை எடுத்து வேப்பமரத்தில் வைத்தேன். காக்கை என் உச்சந்தலையில் இரண்டு கொத்து வைத்தது. ஆறு மணிக்குச் செட்டைப் போட்டேன், இரைச்சல்தான். அடுத்து, ஆண்டெனா கரூர்ப் பக்கம் சாய்ந்திருப்பதைக் கண்டுபிடித்தேன். அது சாயாமலிருக்க மூன்று பக்கமும் இழுத்துக் கட்டிய கம்பிகளில் ஒன்றைச் சுப்பம்மாள் துணி காயப்போடும் கொடியாக்கி, ஜமுக்காளம் உள்பட எல்லாவற்றையும் அதில் ஈரத்தோடு போட்டிருக்கிறாள். கேட்டதற்கு, "கம்பி சும்மாதான நிக்குது, உங்களாட்ட" என்றாள். நிமிர்த்திக் கட்டிக்கொண்டிருந்தபோது ஏணி சரிந்து வாசலில் விழுந்தது. அவள் பால் சொசைட்டிக்குப் போயிருந்தாள். இரண்டு மணி நேரம் மொட்டைமாடியில் நின்றேன். ரோட்டில் போகிறவர்கள் எல்லாரும் கும்பிட்டார்களே தவிர, ஏணியை எடுத்து வைக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் கேட்க வெட்கம். அன்றும் ஆறு மணிக்கு இரைச்சல்.

பிறகு திருச்செங்கோட்டிலிருந்து ஜெயபிரகாஷை வரவழைத்தேன். முன்பு ரிக் வண்டிகளுக்கு வயர்லெஸ் பார்த்த பையன், இப்போது டிஷ் மாட்டுகிறான். செட்டோடு ஒரு மீட்டரைச் சேர்த்தான், என்னைப் பட்டனை அழுத்திப் பேசச் சொன்னான். என்ன பேசுவது? "மாப்ள" என்று மட்டும் சொன்னேன். மீட்டரைப் பார்த்துவிட்டு அவன் சொன்னான்: "நீங்க பேசறது வெளிய போகலீங்கண்ணா. அத்தனையும் உங்களுக்கே திரும்பி வந்துருதுங்க." ஏழு மாதமாக ராத்திரி படுக்கும்போது அப்படித்தான் இருக்கிறது தம்பி என்று வாய் வரை வந்தது, சொல்லவில்லை. ஒயரில் அணில் கடித்த இடம் ஒன்று இருந்தது. அதை வெட்டி ஒட்டி டேப் சுற்றினான். அப்போதும் மீட்டரில் முள் நகரவில்லை. மீட்டரை என்னிடமே விட்டுவிட்டுப் போனான், அன்றைக்கென்று பிடித்த மழை மூன்று நாள் பெய்தது. ஆண்டெனாவின் அடியில் ஒயர் திருகும் பிளக்கை மட்டும் நாங்கள் இருவரும் கழற்றவே இல்லை. அதற்கு மேல் விபூதிப் பட்டை, நடுவில் சந்தனம், குங்குமம். "பூசை போட்டிருக்கறதுங்க, எதுக்குக் கை வெச்சுக்கிட்டு" என்றான் அவன். நானும் ஆமாம் என்றேன்.

இன்று காலை மழை விட்டது. மனம் கேட்காமல் சாமியை வேண்டிக்கொண்டு அந்தப் பிளக்கைக் கழற்றினேன். உள்ளே பார்த்தால் புளி, மாப்பிள்ளை. புளியும் அதன் மேல் சந்தனமும் காய்ந்து கல்லாகிக் கிடந்தன. சுப்பம்மாளைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஆயுத பூசைக்கு அருவாமணை, மம்பட்டி, உங்க ரேடியோ கம்பி எல்லாத்தையுந்தான் வெளக்குனேன். பித்தளையாட்ட மங்கிக் கெடந்துது, புளி போட்டுத் தேச்சேன்" என்றாள். "உள்ளே எதுக்கு சந்தனம்?" என்றேன். "தொழில் செய்யறது உள்ளதானுங்களே" என்கிறாள். அவளைத் திட்டத் தோன்றவில்லை, கட்டிப் பிடிக்கலாம் போல இருந்தது. நடுமாடியில் நின்றுகொண்டு அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, உப்புத்தாள் தேய்த்து, திருப்பி மாட்டி, மீட்டரைப் பார்த்தேன். முள் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நிற்கிறது.

சந்தோஷம் கால்மணி நேரம்கூட நிற்கவில்லை. பிளக்கு கெட்டது ஆயுத பூஜை அன்று. நான் அந்த வார்த்தையைச் சொன்னது அதற்கு முதல் நாள். அப்போது ஆண்டெனா நன்றாக இருந்திருக்கிறது. ஆக, உங்கள் காதில் விழுந்துவிட்டது. இன்று ஆறு மணிக்குச் செட்டைப் போட்டு, நீங்கள் பேசவில்லை என்றால், நான் போய் ஒளிந்துகொள்ள ஒரு கோளாறும் பாக்கி இல்லை. அதனால்தான் ஆறு மணிக்கு முன்பே இந்தக் கடிதத்தை எழுதி முடித்துவிட உட்கார்ந்தேன்.

நீங்கள் தாமதம் செய்யவில்லை மாப்பிள்ளை. அன்று காலை பத்து மணிக்குப் பழனியம்மாள் எனக்குத்தான் முதலில் போன் செய்தாள். "அண்ணா, நெஞ்சுல என்னமோ அடைக்கறாப்புல இருக்குதுங்கண்ணா" என்றாள். நான் எருமைக்குத் தீவனம் கலக்கிக்கொண்டிருந்தேன். "வாயுவா இருக்கும் சாமி, சுடுதண்ணியில பெருங்காயம் போட்டுக் குடி. மாப்ளயத் தோட்டத்துல இருந்து கூப்புட்டுத் தொந்தரவு பண்ணாத" என்றேன். சின்ன வயதிலிருந்தே நான் சொன்னதைத் தட்டாதவள், அன்றும் தட்டவில்லை. நீங்கள் ஒரு மணிக்குச் சாப்பிட வந்து பார்த்த உடனே தூக்கிக்கொண்டு ஓடினீர்கள். நடுவில் போன மூன்று மணி நேரம் என்னுடையது. அதை யார் தலையிலாவது கட்ட வேண்டும் என்று பார்த்தேன், உங்கள் தலை கிடைத்தது.

திங்கட்கிழமை தீபாவளி. உங்கள் வீட்டில் இந்த வருடம் பண்டிகை இல்லை. அவளுக்குப் பிறந்த வீட்டுப் புடவை எடுக்கப் பழக்கத்தில் கடை வரைக்கும் போய்விட்டேன். கடைக்காரர் "தங்கச்சிக்கா?" என்று கேட்ட பிறகுதான் நினைவு வந்தது. ஒரு துண்டை வாங்கிக்கொண்டு திரும்பினேன். உங்களுக்குத்தான் அது, நீங்கள் வரச் சொன்னால் கொண்டுவருகிறேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வயது தடையில்லை, கேட்கிறேன். வாழப்பாடியில் உங்கள் மகள் சுகன்யாவுக்கும் பிள்ளைகளுக்கும் தாய்மாமனின் ஆசி. மூட்டுக்குச் சூடாக எண்ணெய் தேய்த்துக்கொள்ளுங்கள், மழையில் தோட்டத்துக்குப் போக வேண்டாம்.

இப்படிக்கு,
இவ்வளவுக்குப் பிறகும் உங்கள் மச்சான்தான் என்று நம்பும்,
தண்டாயுதபாணி.

பின்குறிப்பு, மணி ஆறே முக்கால்: கடிதத்தை ஒட்டப் பசை கேட்டபோது சுப்பம்மாள் விவரம் கேட்டாள், சொன்னேன். "பூசையன்னைக்கா வெளக்குவாங்க? மொத நா மத்தியானமே எல்லாத்தையும் கழட்டி வெளக்கி வெச்சுட்டேன். மறுநா பொட்டு வெச்சுத் திருப்பி மாட்டுனேன்" என்றாள். அன்று ஆறு மணிக்கு நான் கத்தியபோது ஆண்டெனாவில் ஒயரே இல்லை. அந்த வார்த்தை என் வீட்டுச் சுவரைத் தாண்டவில்லை. இன்று ஆறு மணிக்குச் செட்டைப் போட்டேன். போட்டதும் உங்கள் குரல்: "மச்சான்... கேக்குதுங்களா? நம்மூட்டு ஆண்டெனா கெட்டுப்போச்சாட்ட இருக்குதுங்க. ரெண்டு வாட்டி ஏறிப் பாத்துட்டேன், ஒண்ணும் புடிபடல. இல்ல, நாந்தான் என்னமாச்சும் தப்பாப் பேசிப்புட்டனுங்களா?" உங்களுக்கு ஒன்றுமே தெரியாது. தெரியவும் வேண்டாம், கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டுப் பட்டனை அழுத்தி "என்ன குழம்பு" என்று கேட்டால் போதும். அழுத்தப் போனேன், விரல் வரவில்லை. நீங்கள் பத்து நிமிடம் கூப்பிட்டுவிட்டு அணைத்துவிட்டீர்கள். இந்த மழைக்காலத்தில், அந்த மூட்டை வைத்துக்கொண்டு, இனி மாடி ஏறாதீர்கள். இரண்டு ஆண்டெனாவும் நன்றாக இருக்கின்றன. கடிதத்தைத் தபாலில் போடுகிறேன். படித்த பிறகும் கூப்பிட்டால், முதல் தடவையிலேயே பேசுவேன்.