அங்குல அண்ணை துவக்கு வாங்கிய கதை

ஒரு துவக்கு, அதாவது துப்பாக்கி, வாங்குவதற்காக உலகத்திலேயே அதிகம் யோசித்த மனிதர் ஆக்லாந்தில், ஏவன்டேல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறார். சும்மா சொல்லவில்லை. அவர் வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தவன் நான். ராஜாக்கள் போருக்குப் போகும் முன் இதில் பாதி யோசித்திருந்தால் சரித்திரப் பாடம் நாலு பக்கத்தில் முடிந்திருக்கும்.

அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று உண்டு. அதை வங்கிக்காரர்கள் மட்டும்தான் பயன்படுத்தினார்கள். மற்ற எல்லோருக்கும் அவர் அங்குல அண்ணை. பாட்டனி டவுன்ஸில் ஒரு திரைச்சீலைக் கடையில் வேலை. வீடு வீடாகப் போய் ஜன்னல்களை அளந்துவிட்டு வருவார். அளவுநாடா எப்போதும் இடுப்பில் இருக்கும். கோயிலுக்குப் போகும் நாளில் வேட்டி மடிப்பில் இருக்கும். நான் அறை பார்க்கப் போன அன்று எந்த ஊர், என்ன படிப்பு என்று ஒன்றும் கேட்கவில்லை. என்னைக் கதவு நிலையோடு நிற்கவைத்து, உச்சந்தலைக்கு நேரே நாடாவைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "கட்டில் காணும் தம்பி, வாரும்" என்றார். யாழ்ப்பாணத் தமிழில் காணும் என்றால் போதும்.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். விருதுநகர்ப் பக்கம். அதுவரை நான் நேரில் பார்த்த ஒரே துப்பாக்கி எங்கள் ஊர் வங்கி வாசலில் காவல்காரர் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. காவல்காரரும் தூங்கிக்கொண்டிருந்தார். அப்படிப்பட்டவனை அண்ணை துவக்கு சாஸ்திரத்தில் கழுத்துவரை இறக்கிவிட்டார்.

எல்லாம் ஒரு மான் தொடையில் தொடங்கியது. அண்ணையின் கடையில் திரைச்சீலைக் கம்பி பொருத்தும் வெள்ளைக்காரர் ஒருவர் வேட்டைக்குப் போய்வந்து கொடுத்தது. அண்ணையின் மனைவி வசந்தி அக்கா அதை யாழ்ப்பாணக் கறித்தூள் போட்டுச் சமைத்தார். பிட்டும் மான் கறியும். சாப்பிட்டு முடித்தபின் அண்ணை கை கழுவக்கூட எழும்பாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "தம்பி, இதை நாங்களே போய்க் கொண்டுவரவேணும்."

"கடையில வாங்கலாமே அண்ணை?"

"வாங்கினால் இறைச்சி. கொண்டுவந்தால்தான் மான்."

அடுத்த வாரமே அந்த வெள்ளைக்காரரோடு காட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். முகமெல்லாம் கீறல். இங்கே காடு என்பது மரங்களுக்கு நடுவில் நடந்து போகும் இடம் இல்லை. மரம், மரத்தைப் பிடித்த பெரணி, பெரணியைப் பிடித்த கொடி, கொடியைப் பிடித்த நாம். விரல் தடிமனில் கறுப்புக் கொடிகள் காலையும் கழுத்தையும் ஒரே நேரத்தில் விசாரிக்கும். மான் தெரிந்தால் ஒரு பஸ் நீளத்துக்குள் தெரியும். அதுவும் முழு மான் இல்லை. ஒரு காது, அல்லது ஒரு பின்னங்கால்.

ஆகவே, அண்ணையின் முதல் முடிவு: நீளத் துவக்கு உதவாது. கொடியில் மாட்டும். இரண்டாவது: தூரத்தைக் கிட்டே காட்டும் பெரிய குழல்கண்ணாடி உதவாது. அவ்வளவு கிட்ட நிற்கும் மானை அதில் பார்த்தால் வெறும் மயிர்தான் தெரியும், மானா மரப்பட்டையா என்று தெரியாது. சின்னக் கண்ணாடி போதும். மூன்றாவது: பாரமாக இருக்கக்கூடாது, ஆனால் இலேசாக இருந்தால் தோளில் உதைக்கும். மூன்று முடிவும் ஒரே வாரத்தில் எடுத்துவிட்டார். மீதிக்குத்தான் வருடக் கணக்கானது.

துவக்குக் கடைக்குப் போய்க் கையில் வாங்கிப் பார்ப்பது அவருக்குப் போதவில்லை. "கடைக்குள்ள கொடி இல்லையே தம்பி." அதனால் தனக்குத் தெரிந்த வழியில் இறங்கினார். திரைச்சீலைக் கம்பிகள். ஒவ்வொரு மாதிரித் துவக்குக்கும் அதே நீளத்தில் ஒரு கம்பி வெட்டினார். எடை சரியாக வர உள்ளே குத்தரிசி நிரப்பி இரண்டு முனையையும் டேப்பால் ஒட்டினார். பின்வளவில் துணி காயும் கயிறுதான் காடு. வசந்தி அக்காவின் சேலைகளுக்கும் என் லுங்கிகளுக்கும் நடுவில் கம்பியோடு குனிந்து, நெளிந்து, சட்டென்று தோளுக்குத் தூக்குவார்.

அக்கா குசினியில் சமைத்தபடியே ஜன்னலால் பார்த்துக்கொண்டிருப்பார். "இஞ்சேருங்கோ, என்ர சீலை கிழிஞ்சால் அடுத்த கம்பி உங்கட முதுகிலதான்."

"இது கிழிக்காது. இது பதினெட்டு அங்குலக் குழல்."

"அரிசிப் பானை பாதியாப் போச்சுது. மானைப் பிடிக்கிறியளோ, எலியைப் பிடிக்கிறியளோ?"

இங்கே பிறந்த மகள் சிற்றுண்டிக் கிண்ணத்தோடு வந்து, "அப்பா இஸ் டூயிங் இட் அகெய்ன்" என்று அறிவித்துவிட்டு உள்ளே போவாள்.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலும் விடமாட்டார். ஒருமுறை புடலங்காய் ஒன்றைத் தோளில் வைத்துக் கண்ணை இடுக்கினார். விற்றுக்கொண்டிருந்த பிஜிக்காரப் பெண் இரண்டு கையையும் உயரத் தூக்கினார். அண்ணை மன்னிப்புக் கேட்டு நாலு புடலங்காய் வாங்கினார். அந்த வாரம் முழுக்கப் புடலங்காய்.

சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் சிரிக்க முடியாத ஒன்று அந்த வீட்டுக்குள் இருந்தது.

இந்த நாட்டில் துவக்கு லைசன்ஸ் கேட்டால் அதிகாரி வீட்டுக்கு வருவார். பூட்டி வைக்கும் இரும்புப் பெட்டியைப் பார்ப்பார். பிறகு மனைவியைத் தனியாக இருத்தி விசாரிப்பார். மனைவி வேண்டாம் என்றால் பெரும்பாலும் கதை முடிந்தது. வசந்தி அக்கா வன்னியில் வளர்ந்தவர். சண்டைக் காலத்தில் பள்ளிக்கூடப் பிள்ளை. நவம்பரில் இங்கே தெருவெல்லாம் வெடி கொளுத்தும் நாள் ஒன்று வரும். முதல் வெடி கேட்டதும் அக்கா குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக் குழாயைத் திறந்துவிடுவார். அண்ணை கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து, அன்று அளந்த ஜன்னல்களைப் பற்றிச் சத்தமாகக் கதைத்துக்கொண்டிருப்பார். "அந்த வீட்டில ஒரு ஜன்னலும் நேரில்லையப்பா. இடப்பக்கம் அரை அங்குலம் சரிவு. வீட்டுக்கார மனுசி நம்பமாட்டன் எண்டு நிக்கிறா..." வெடி ஓயும்வரை ஜன்னல்களும் ஓயாது.

அதை ஒருமுறை பார்த்த பிறகு எனக்கு விளங்கவேயில்லை. இந்த வீட்டுக்குள் துவக்கு எப்படி வரும்? அண்ணை அக்காவிடம் கேட்டதாகத் தெரியவில்லை. அக்காவும் வாய் திறக்கவில்லை. அரிசியைப் பற்றி மட்டும் கதைத்தார்கள்.

ஒரு சனிக்கிழமை என்னையும் துவக்குக் கடைக்குக் கூட்டிப்போனார். கடைக்காரர் தாடி வைத்த பெரிய மனிதர். அண்ணையைக் கண்டதும் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். நின்றுகொண்டு பதில் சொல்லி முடியாது என்று அனுபவத்தில் தெரிந்திருக்கிறது. அடர்ந்த காட்டுக்கென்றே செய்தது என்று ஒரு குட்டைத் துவக்கை எடுத்து வைத்தார். அண்ணை அதைக் குழந்தையைப் போல வாங்கி, வழக்கமான முதல் கேள்வியைக் கேட்டார்: "இது எவ்வளவு சத்தம்?"

"மான் புகார் செய்யாது" என்றார் கடைக்காரர்.

சிக்கல் அங்கேதான் இருந்தது. குழல் குட்டையாக ஆக, வெடி காதுக்குக் கிட்ட வந்து அதிகமாக இடிக்கும். சத்தத்தைக் குறைக்க முனையில் ஓர் உருளை மாட்டலாம். இங்கே அது சாதாரணமாகக் கடையில் கிடைக்கும். ஆனால் உருளை மாட்டினால் துவக்கு மறுபடி நீளமாகிவிடும், கொடியில் மாட்டும். குழலை இன்னும் வெட்டினால் இன்னும் சத்தம். காட்டுக்குச் சரியென்றால் காதுக்குச் சரியில்லை. காதுக்குச் சரியென்றால் காட்டுக்குச் சரியில்லை. இந்த வட்டத்துக்குள் அண்ணை மூன்று வேட்டைக் காலம் சுற்றினார்.

கடைசியில் கம்பிகளின் முனையில் காலி ஷாம்பூப் போத்தல்களை ஒட்டினார். அதுதான் உருளை. ஷாம்பூத் துவக்கும் கையுமாக, ஆரஞ்சு மேற்சட்டை போட்டுக்கொண்டு, இருவரும் காட்டுக்குப் போனோம். எதிரே நிஜத் துவக்கோடு வந்த இரண்டு பேர் அண்ணையின் கையைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், "நல்ல நாள்" என்று வானத்தைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போனார்கள். இந்த நாட்டு மரியாதைக்கு நான் அன்று தலைவணங்கினேன்.

முதல் கம்பி கொடியில் மாட்டியது. "சரிவராது." இரண்டாவதில் டேப் கழன்று, நடந்த வழியெல்லாம் குத்தரிசி. பின்னாலேயே ஒரு குட்டிக் குருவி வாலை விசிறிக்கொண்டு வந்தது. "சரிவராது." மூன்றாவது கம்பி, குட்டைக் குழலில் சின்ன ஷாம்பூப் போத்தல், பயணத்துக்குக் கொண்டுபோகும் அளவு. அதைத் தூக்கிக்கொண்டு ஒரு பெரணி மரத்தைச் சுற்றினோம். மான் நின்றது.

முழு மான். இவ்வளவு கிட்ட நிற்குமென்று நான் நினைக்கவில்லை. அண்ணையின் கம்பி ஒரு இலையைக்கூடத் தொடாமல் தோளுக்கு ஏறியது.

"தம்பி," மிக மெல்லிய குரல், "மான்தானோ?"

"மான்தான் அண்ணை."

"வடிவாப் பாரும். மாடில்லையே? ஆளில்லையே?"

"மான் அண்ணை. காது, கொம்பு எல்லாம் இருக்கு."

"பின்னால ஆரும் நிக்கினமோ?"

"பின்னால மலைதான்."

"பக்கத்தில?"

மானும் பக்கத்தில் பார்த்தது. பிறகு இரண்டு வாய் இலை தின்றது. அண்ணை அசையவில்லை. கையில் இருந்தது ஷாம்பூப் போத்தல் என்பதை நானே மறந்துவிட்டேன். நிஜத் துவக்கு வைத்திருக்கும் எத்தனை பேர் இத்தனை கேள்வி கேட்பார்கள் என்று தோன்றியது. மான் தன் வழியே போனபின் அவர் கம்பியை இறக்கி, போத்தலைத் தடவிக்கொண்டு சொன்னார்: "இதுதான் தம்பி. இதுதான் சாமான்."

துவக்கு தீர்மானமாகிவிட்டது. இனி அக்கா ஒருவர்தான்.

லைசன்ஸ் அதிகாரி ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார். நரைத்த தலை, கையில் சின்ன டார்ச். இரும்புப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். உள்ளே வரிசையாகப் பெயர் ஒட்டிய திரைச்சீலைக் கம்பிகள் நின்றன. அதிகாரி ஒவ்வொன்றின் மேலும் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"இவற்றுக்கு லைசன்ஸ் தேவையில்லை என்று உங்களுக்குத் தெரியுமா?"

"பழக்கத்துக்கு வச்சிருக்கிறன்" என்றார் அண்ணை ஆங்கிலத்தில். துவக்கு ரவைகளைத் தனியாகப் பூட்டவேண்டும் என்பது சட்டம். ஆகவே ஷாம்பூப் போத்தல்களைத் தனிப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார். அதையும் திறந்து காட்டினார்.

உறவினர் அல்லாத ஒருவரின் சாட்சியும் வேண்டும் என்று என்னையும் விசாரித்தார். இவர் கோபப்பட்டுப் பார்த்திருக்கிறீர்களா? ஒருமுறை, என்றேன். நான் அளவுநாடாவை எடுத்த இடத்தில் வைக்கவில்லை.

பிறகு அக்காவின் முறை. அண்ணை பின்வளவுக்குப் போய்விட்டார். அக்கா முதியோர் இல்லத்தில் நாள் முழுக்க ஆங்கிலம் பேசுகிறவர். ஆனால் என்னைக் கையைப் பிடித்து நிறுத்தினார். "நில்லும் தம்பி. இண்டைக்கு எனக்கு இங்கிலீஷ் வராது. நீர் சொல்லும்." அதிகாரி தலையசைத்தார். வீட்டில் துவக்கு இருப்பது உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டார்.

அக்கா ஜன்னலால் வெளியே பார்த்தார். கயிற்றில் துணி இல்லை. அண்ணை வெறுங்கையோடு நின்றிருந்தார். கையில் கம்பி இல்லாமல் அவரை நான் அங்கே பார்த்ததே இல்லை.

"இந்தாள் என்னட்ட ஒரு வார்த்தை கேக்கேல்லை" என்றார் அக்கா. "கேட்டால் நான் ஓம் எண்டு சொல்லிப்போடுவன் எண்டு பயம். மனமில்லாமல் ஓம் சொல்லக்கூடாதாம். அதுக்குத்தான் இவ்வளவு நாளும் கடை கடையாப் போய், எவ்வளவு சத்தம், எவ்வளவு சத்தம் எண்டு கேட்டுக்கொண்டு திரியிறார். மானுக்கென்ன காது நோகப்போகுதோ? எனக்குத் தெரியாதோ தம்பி, ஆருக்காண்டி எண்டு?"

நான் மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். அக்காவே என் தோளைத் தட்டிவிட்டு, வராது என்று சொன்ன ஆங்கிலத்தில் சொன்னார்: "சம்மதம். ஆனால் முதல் வெடியை நான் கேட்கவேண்டும்."

அப்படியே நடந்தது. சின்ன உருளை மாட்டிய குட்டைத் துவக்கு வந்ததும் மூவரும் சுடும் பயிற்சி மைதானத்துக்குப் போனோம். அக்கா கார் நிறுத்தும் இடத்தில், காருக்குள், கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்தார். பிறகு ஒரு விரற்கடை இறக்கினார். அண்ணை படுத்தார், பார்த்தார், இன்னும் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர்கள் தேநீர் ஊற்றிக் குடித்தார்கள். கடைசியில் சுட்டார். பெரிய புத்தகம் ஒன்று தரையில் விழுந்த மாதிரி ஒரு சத்தம்.

கார்க் கண்ணாடி மெதுவாக முழுக்க இறங்கியது. அக்காவின் தலை வெளியே வந்தது.

"இவ்வளவுதானோ? இதுக்கோ என்ர அரிசியெல்லாம் போச்சுது?"

குறி எங்கே பட்டது என்று நான் அண்ணையிடம் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. துவக்கை வெறுமையாக்கிக் கீழே வைத்த கையோடு திரும்பிக் காரையே பார்த்துக்கொண்டிருந்தார்.