பாலம் தேயக் கூடாது

மலைக்கு மோட்டார் வண்டி வராத காலம் அது. வண்டன்மேட்டு ஏலத்தோட்டத்து ஜனங்கள் தங்கள் ஓடைக்கு ஒரு பாலம் வேண்டும் என்று நெடுங்காலமாகக் கேட்டு வந்தார்கள். சர்க்காரும் மனமிரங்கி, பாலம் கட்டுவதற்கென்றே ஓர் ஆபீஸ் போட்டு, கல்பாத்திக்காரரான வெங்கிடேஸ்வரய்யரை அதிகாரியாக அனுப்பியது. ஐயர் நல்ல மனுஷர். அவர் செய்த ஒரே தவறு, பாலத்தைக் கட்டி முடித்துவிட்டதுதான்.

ஏலக்காய் பறிக்கும் மூக்கம்மாள் மழைக்காலமெல்லாம் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, ஈரச்சேலையோடு நாள் முழுக்க நடுங்கியவள். பாலம் திறந்த வாரம் காய்ந்த சேலையோடு வேலைக்குப் போனாள். மறுவாரம் பாலத்தின் குறுக்கே மூங்கில் கட்டியிருந்தது.

"இது என்ன சாமி?" என்று அங்கே நின்ற ஐயரைக் கேட்டாள்.

"லட்சியம் பூர்த்தியாயிடுத்தாக்கும். இனி ஆபீஸை மூடிடுவா. அதனால புது லட்சியத்துக்கு உத்தரவு வாங்கியிருக்கேன். கட்டிய பாலத்தைக் கட்டிய நிலையிலேயே என்றென்றும் பரிபாலிப்பது!"

"நடக்கத்தானே சாமி பாலம்?"

"நடந்தா தேயும். தேஞ்சா லட்சியம் என்னாறது?"

"அப்ப நாங்க எப்படிப் போறது?"

"இத்தனை நாள் எப்படிப் போனேளோ, அப்படித்தான். ஓடையை நாங்க தொடவே இல்லையே!"

பதிலில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. மூக்கம்மாள் தண்ணீரில் இறங்கினாள்.

ஆடியில் வெள்ளம் அவளை இழுத்தது. பாலத்துத் தூணைக் கட்டிக்கொண்டாள். மேலேயிருந்து காவற்காரன் நல்லதம்பி அலறினான்: "தூணை விடு ஆத்தா! தூணும் பாலத்தைச் சேர்ந்ததுதான்!"

விட்டாள். நல்லவேளை, கரையோரத்து மரவேர் ஒன்று கைக்கு அகப்பட்டது. அது காட்டைச் சேர்ந்த வேர் என்பதால் பால ஆபீஸ் ஆட்சேபிக்கவில்லை.

கரையேறியவள் ஊரைத் திரட்டிக்கொண்டு ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தாள். "நடக்கிறதுக்குன்னு ஒரு பாலம் குடுங்க சாமி!"

ஐயருக்கு ஆனந்தத்தில் கண் கலங்கியது. அடுத்த லட்சியம் வாசலுக்கே வந்துவிட்டது!

பக்கத்திலேயே இரண்டாவது பாலம் எழுந்தது. அதை ஜனங்களே பரிபாலிக்கலாம் என்று தாராளமாக உத்தரவாயிற்று. மூக்கம்மாள்தான் கமிட்டித் தலைவி. மாவிலை கட்டி, பாலம் நெடுகக் கோலம் போட்டார்கள்.

மறுநாள் காலையில் மருமகள் மாரித்தாய் கூடையோடு வந்தாள். மூக்கம்மாள் கம்பை நீட்டி மறித்தாள்.

"எங்கடி வாரே?"

"வேலைக்கு, அத்தே."

"இந்தச் சேத்துக்காலோடயா? நம்ம பாலம்டி இது! தண்ணியில இறங்கிப் போ."

மாரித்தாய் கீழே பார்த்தாள். ஊரே ஓடையில் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில், பாலத்தை அண்ணாந்து பார்த்துப் பெருமைப்பட்டபடி போய்க்கொண்டிருந்தது.