‘போறேன்’ என்று தட்டாத வீடு

அன்புள்ள மச்சான் அப்துல் ஷுக்கூர் அவர்களுக்கு,

நல்லம்பள்ளியிலிருந்து நூர் பாஷாவின் ஸலாம். அல்லாஹ் கிருபையால் உங்கள் தங்கையும் பிள்ளைகளும் நலம். குவைத்தில் உங்கள் நலத்துக்கு துஆ செய்கிறோம். என் நலத்தை மட்டும் கேட்காதீர்கள்.

போன லீவில் நீங்கள் டிவியில் மாட்டிக் கொடுத்த கம்ப்யூட்டரால் என் மகள் ஷகிலாவின் சம்பந்தம் போச்சு மச்சான். பிள்ளைகள் சண்டை போடக்கூடாதென்று, யார் எவ்வளவு நேரம் உட்கார்ந்தார்கள் என அதுவே கணக்கு வைக்கும்படி செய்தீர்கள். உட்காரும்போது பெயரைத் தட்டணும், எழுந்திருக்கும்போது இங்கிலீஷ் எழுத்தில் ‘போறேன்’ என்று தட்டணும். இவ்வளவு யோசித்தவர் உங்கள் தங்கையை யோசிக்கவில்லையே! “நல்லா இருக்கற வூட்டுல யாராச்சும் ‘போறேன்’னு சொல்லுவாங்களா? ‘போயிட்டு வரேன்’னுதானுங்க சொல்லணும். எம்புள்ளைங்க அதைத் தட்டவே கூடாது” என்று அமீருன்னிசா ஒரே பிடியாக நின்றாள். சரியென்று நானே ‘போயிட்டு வரேன்’ என்று தட்டிப் பார்த்தேன். பெட்டி தப்பு என்று கத்தியது.

சனிக்கிழமை ஷகிலா அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து போனாள். பெட்டியைப் பொறுத்தவரை அவள் எழுந்திருக்கவேயில்லை. பெட்டியை அணைத்தால் மறுபடி கேசட் போட்டு புரோகிராமை ஏற்றணுமே, எப்படியும் கரண்ட் போகும், தானே அணையட்டும் என்று விட்டுவிட்டோம். நம்ம ஊரில் மூன்று நாள் சேர்ந்தாற்போல் கரண்ட் இருந்ததுண்டா? இந்த வாரம் இருந்தது மச்சான்!

செவ்வாய்க்கிழமை அதியமான்கோட்டை புளி மண்டி காஜா சாயபு சம்சாரத்தோடு தன் பையனுக்குப் பெண் பார்க்க வந்தார். பெருமைக்காக நான்தான் டிவியைப் போட்டேன். ‘ஷகிலா, 72 மணி’ என்று கொட்டை எழுத்தில் நின்றது. அந்தம்மா பாயசக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார். “மூணு நாளா எந்திரிக்கலையா? அப்ப சோறாக்கறது யாருங்க?” பெட்டியின் கோளாறு என்று நான் விளக்கினேன். சாயபு டிவியையே உற்றுப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

தெருவில் தலைகாட்ட முடியவில்லை. இனி இப்படி ஒரு இடம் எங்கே வரும்? தப்பு பெட்டியுடையது, பெண்ணுடையது இல்லை என்று நீங்கள்தான் அவருக்கு எழுதணும். இல்லையென்றால் பெட்டியைக் கிணற்றில் போட்டுவிடுவேன், பிறகு வருத்தப்படாதீர்கள்.

உங்கள் வீட்டாருக்கு ஸலாம், குழந்தைகளுக்கு எங்கள் துஆ.

மனமுடைந்த மைத்துனன்,
நூர் பாஷா

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் காஜா சாயபு வந்துவிட்டார். “எம்பையன் மண்டியில அஞ்சு நிமிஷம் உக்கார மாட்டேங்கறானுங்க. மூணு நாள் ஒரே எடத்துல உக்கார்ற பொண்ணு வந்தாதான் அவனுக்கும் கால் நிக்கும்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த மாதமே நிக்காஹ். அமீருன்னிசா எல்லார் வாயிலும் சர்க்கரை போட்டாள், நானும் தலையாட்டிவிட்டேன். அவர் போன பிறகுதான் பிள்ளை இந்த வீட்டை விட்டுப் போகப்போகிறாள் என்று உறைத்தது. அழுகையாக வருகிறது மச்சான். மேலே எழுதியதை விடுங்கள். ‘எனக்கு லீவு கிடைக்கவில்லை, தாய்மாமன் நான் இல்லாமல் நிக்காஹ் வேண்டாம், ஒரு வருஷம் பொறுங்கள்’ என்று சாயபுவுக்கு நீங்களே ஒரு கடிதம் போட்டுவிடுங்கள்.