நாற்பது நிமிஷப் பேராசிரியர்

சிலர் உலகம் மாறுவதைப் பற்றி வாய் ஓயாமல் பேசுவார்கள். தங்கள் நாற்காலியை யாராவது ஒரு சாண் நகர்த்திவிட்டால் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார்கள். இந்த இனத்தை நீங்கள் பார்த்ததில்லையா? புர்னோ நகரத்து நுண்ணுயிர் ஆய்வகத்துக்கு வாருங்கள். பேராசிரியர் விளாஸ்டிமில் அங்கேதான் இருக்கிறார்.

முப்பது வருஷமாக அவருக்கு ஒரே பாடம். பாக்டீரியா குளுக்கோஸை அவசர அவசரமாகத் தின்று, அரைகுறையாக எரித்த அசிடேட்டை வெளியே தள்ளும். குளுக்கோஸ் தீர்ந்ததும் வளராமல் அப்படியே நின்று, சர்க்கரையை உடைத்த பாதையையே பின்னோக்கி ஓட்டப் பழகிக்கொண்டு, தள்ளிய அசிடேட்டையே தின்று மறுபடி வளரும். "என்ன அழகு!" என்று சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிடும். ஆனால் அவர் வளர்த்த பாக்டீரியா நாற்பது நிமிஷம்தான் நிற்கும். ஆகவே உலகத்துப் பாக்டீரியா எல்லாமே நாற்பது நிமிஷம்தான் நிற்க வேண்டும்!

அன்று புதன்கிழமை. ஆய்வு மாணவி ராத்காவின் குடுவையில் பாக்டீரியா இரண்டு மணி நேரமாக வளராமல் நின்றது. அது புது வகை. அவளுடைய மூன்று வருஷ உழைப்பு அந்தக் குடுவையில்தான் இருந்தது.

"செத்துப்போச்சும்மா. கீழ ஊத்து" என்றார் பேராசிரியர்.

"மாறிக்கிட்டிருக்கு சார். இன்னும் கொஞ்ச நேரம்..."

"எனக்கே பாடம் எடுக்கிறியா? நான் சாப்பிட்டு வர்றதுக்குள்ள குடுவையைக் கழுவியிருக்கணும்."

ராத்கா குடுவையைக் கழுவவில்லை. அதைப் பாக்டீரியா வளர்க்கும் சூட்டுப்பெட்டியின் பின்வரிசைக்குத் தள்ளிவிட்டு அவளும் கேன்டீனுக்குப் போனாள்.

புதன்கிழமை என்றால் பேராசிரியருக்கு மாட்டிறைச்சிக் குழம்பும் மாவு உருண்டையும். அன்றைக்குப் பார்த்து உருண்டை தீர்ந்துவிட்டது. பரிமாறும் பிளாஜெனா அம்மாள் உருளைக்கிழங்கைக் காட்டினாள்.

"கிழங்கா?" என்றார். அவ்வளவுதான். தட்டை ஏந்தியபடி நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள், சாப்பிட்டார்கள், எழுந்தும் போனார்கள். மனிதர் அசையவில்லை.

"ஏம்மா, இவருக்கு உயிர் இருக்கா?" என்றாள் பிளாஜெனா.

ராத்கா கடிகாரத்தைப் பார்த்தாள். "நாப்பத்தொரு நிமிஷம் ஆச்சு. கீழ ஊத்திடலாமா சார்?"

பேராசிரியரின் காது சிவந்தது. "கிழங்கே போடுங்க" என்று தட்டை நீட்டினார்.

அவர்கள் திரும்பி வந்தபோது குடுவையில் பாக்டீரியா மறுபடி வளரத் தொடங்கியிருந்தது. ராத்கா அழுதேவிட்டாள். பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"நான்தான் அப்பவே சொன்னேனே, அவசரப்படாதேன்னு!"

சிரிக்காதீர்கள். நீங்கள் வழக்கமாகக் காப்பி குடிக்கும் கடை நாளைக்குப் பூட்டியிருந்தால், அதன் வாசலில் எத்தனை நிமிஷம் நிற்பீர்கள்? நாற்பதைத் தாண்டினால் ராத்காவின் கண்ணில் மட்டும் பட்டுவிடாதீர்கள்.