புளியஞ்சோலையிலிருந்து மிளகுத் தோட்டம் பேசுகிறது

பொய் சொல்வதற்கு சர்க்காரிடம் லைசன்ஸ் வாங்கியவன் இந்தக் கொல்லிமலையில் நான் ஒருவன்தான். சும்மா இல்லை, முத்திரை குத்திய லைசன்ஸ். நீங்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை, இன்ஸ்பெக்டர் நம்பினார்.

ஹிட்லர் யுத்தம் ஆரம்பிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது. சேலம் ஜில்லாவில் கள்ளுக்கடைகளை எல்லாம் மூடிவிட்டார்கள். எங்கள் மலை சேலம் ஜில்லா. துறையூர்ப் பக்கம் இறங்கினால் புளியஞ்சோலை. அது திருச்சி ஜில்லா. அங்கே கடை ஜம்மென்று திறந்திருந்தது. ஜில்லா எல்லையை எந்த துரை போட்டானோ, அவன் பிள்ளைகுட்டி நன்றாக இருக்கட்டும்.

சந்தைக்கிழமை வந்தால், "மிளகுத் தோட்டத்துக்குப் போயிட்டு வாரேன்" என்று என் சம்சாரம் அத்தாயியிடம் சொல்லிவிட்டு ஒற்றையடிப் பாதையில் இறங்குவேன். எதிர்ச்சரிவில் சாமைக்காட்டுக்குக் காவல் இருக்கும் பெண்கள், "யாரு எறங்குறதூ?" என்று கூவுவார்கள். எங்கள் மலையில் இறங்குகிறவன் பதில் கூவியாக வேண்டும். கரடி கிரடி அடித்தால் யாரைத் தேடுவது என்று தெரிய வேண்டாமா? "செங்கோடன்ன்ன்!" என்று மலை அதிரக் கூவிவிட்டு நடையைக் கட்டுவேன். கீழே ஓடையில் காலை நனைத்துக்கொண்டு ஒரு கலயம் கள். ஒன்றே ஒன்று. அப்புறம் கொய்யா இலையை மென்றபடி ஏறி வருவேன்.

ஊட்டு வாசலில் அத்தாயி முறத்தோடு உட்கார்ந்திருப்பாள்.

"ஏனுங்க, புளியஞ்சோலை ஓடையில தண்ணி நெறையப் போகுதுங்களா?"

"புளியஞ்சோலையா? நான் மிளகுத் தோட்டத்துல இருந்தேன்."

"அப்படீங்களா? தோட்டத்துல இருந்தவங்களுக்குக் களியும் கொழம்பும். புளியஞ்சோலைக்குப் போனவங்களுக்குக் களி மட்டும். உக்காருங்க."

உட்காருவேன். களி மட்டும் வரும்.

யார் சொல்லியிருப்பார்கள்? முதலில் நாயைச் சந்தேகப்பட்டேன். என்னோடு வந்துவிட்டு எனக்கு முன்னால் வீட்டுக்கு ஓடுகிறதே! அடுத்த வாரம் அதைக் கட்டிப்போட்டுப் போனேன். களி மட்டும் வந்தது. பக்கத்து ஊட்டு ராசப்பனைச் சந்தேகப்பட்டேன். அவனையும் கூட்டிப்போய் அவனுக்கும் ஒரு கலயம் ஊற்றினேன். அன்றைக்கு அவன் ஊட்டிலும் களி மட்டும். கள்ளுக்கடைக் காத்தானைச் சந்தேகப்பட்டேன். அவனோ மூட்டுவலிக்காரன், பிறந்ததிலிருந்து மலை ஏறாதவன். கடைசியில் என் ஏப்பத்தையே சந்தேகப்பட ஆரம்பித்தேன்.

அந்தச் சமயத்தில்தான் காப்பித் தோட்டத்து துரை ஒருவர் சீமைக்குக் கிளம்பினார். அவரிடம் இரண்டு பேசும் பெட்டிகள் இருந்தன. கம்பி கிடையாது, கயிறு கிடையாது; ஒன்றில் பேசினால் மற்றதில் கேட்கும். இரண்டு மூட்டை மிளகைக் கொடுத்து வாங்கிவிட்டேன். திட்டம் புரிகிறதா? ஒரு பெட்டி அத்தாயியிடம். இன்னொன்று என்னிடம். புளியஞ்சோலையில் உட்கார்ந்துகொண்டு, "மிளகுத் தோட்டத்திலிருந்து பேசறேன்" என்றால் யார் இல்லை என்பது?

"கரடி வந்தாச் சொல்லலாம், காட்டுப்பன்னி வந்தாச் சொல்லலாம்" என்று அத்தாயியிடம் அளந்தேன்.

"நல்லதுங்க" என்றாள்.

எனக்குத் திக்கென்றது. தாலி கட்டிய நாளிலிருந்து அவள் எதற்கும் ஒரே பேச்சில் நல்லதென்று சொன்னதில்லை.

"ஆனா லைசன்ஸ் வாங்கிப் போடுங்க. இல்லீன்னா வேவு பாக்கறவன்னு புடிச்சுட்டுப் போயிடுவாங்களாம். சட்டப்படி இருக்கோணுமுங்க."

சேலத்துக்கு எழுதிப் போட்டேன். குப்புசாமி என்ற இன்ஸ்பெக்டர் மலையேறி வந்தார். மூச்சு வாங்கியது பாதி, சந்தேகம் பாதி.

"மிளகுக்கும் ஒயர்லெஸுக்கும் என்னய்யா சம்பந்தம்?"

"கொடி ரொம்ப உசரமுங்க. மேல இருந்து கூப்பிட்டா ஊட்டுக்குக் கேக்காதுங்க."

"ஜெர்மன்காரன் யாரையாவது தெரியுமா?"

"எனக்குத் துறையூர்க்காரனையே தெரியாதுங்க."

அத்தாயிக்கு அப்போது பார்த்து இருமல் வந்தது.

இன்ஸ்பெக்டர் வீட்டைப் பார்த்தார், தோட்டத்தைப் பார்த்தார், என்னை மட்டும் இரண்டு தரம் பார்த்தார். "உன் நிலத்துக்குள்ளே மட்டும்தான் பேசலாம். எல்லையை ஓரடி தாண்டிப் பேசினே, பெட்டி பறிமுதல். உனக்கு ஆறு மாசம் ஜெயில்."

"அவரு தாண்ட மாட்டாருங்க சாமி" என்றாள் அத்தாயி. "ஒரு சந்தைக்கிழமையாப் பாத்துத் திரும்ப வாங்க. பலா பழுத்திருக்கும். தேனூத்தித் தாரேன்."

விருந்தோம்பல் என்று நினைத்தேன்.

லைசன்ஸ் வந்தது. சந்தைக்கிழமை வந்தது. பெட்டியைப் பலாப்பழம் மாதிரி சாக்கில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு இறங்கினேன். "யாரு எறங்குறதூ?" "செங்கோடன்ன்ன்!" கழுத்து இரண்டங்குலம் உள்ளே போய்விட்டது. போகட்டும். ஓடையில் காலை விட்டுக்கொண்டு, கலயத்தில் பாதியை முடித்துவிட்டு, கம்பீரமாகக் குமிழைத் திருகினேன்.

"அத்தாயி! மிளகுத் தோட்டம் பேசுது!"

"சொல்லுங்க."

"கொடியெல்லாம் செழிப்பா இருக்குது. கொரங்கு வந்துச்சு. வெரட்டிட்டேன்."

"சந்தோசமுங்க. செத்த இருங்க. இன்ஸ்பெக்டர் சாமி பேசோணுமாம்."

கலயம் ஓடையோடு போயிற்று.

"செங்கோடா, எங்கேய்யா இருக்கே?"

"தோ... தோட்டத்துலீங்க."

"நானும் தோட்டத்துலேதான் நிக்கிறேன். உன் சம்சாரம் பெட்டியை இங்கேயே தூக்கிட்டு வந்து எனக்குப் பலாச்சுளை குடுத்துட்டிருக்காங்க. உன்னைக் காணோமே?"

நீங்களே சொல்லுங்கள். புளியஞ்சோலை என்றால் ஆறு மாசம் ஜெயில். தோட்டம் என்றால், எந்த மரத்தடியில் என்பார்.

அத்தாயி குரல் குறுக்கே வந்தது. "அட, அதா, அந்த ஓரத்துப் பலா மரத்து உச்சியில இருக்காருங்க சாமி. எலை மறைக்குது. ஏனுங்க, மரத்து மேலதான இருக்கீங்க?"

"ஆமா அத்தாயி! மரத்து மேலதான்!"

இன்ஸ்பெக்டர் விடவில்லை. "அதென்ன, தண்ணி சலசலன்னு ஓடற மாதிரி சத்தம்?"

"அது அவரு வயிறுங்க சாமி. கொழம்பில்லாத களி தின்னுட்டுப் போனாரு." கொஞ்சம் நிறுத்தி, தேனொழுகச் சொன்னாள்: "ஏனுங்க, இனிமே தெனமும் தோட்டத்துலயே இருப்பீங்க. இல்லீங்களா?"

"இருப்பேன் அத்தாயி."

"சாமிக்குக் கேக்கற மாதிரிச் சொல்லுங்க."

"இருப்பேன்ன்ன்!"

இருந்தேன். விடிந்தால் பெட்டி கூப்பிடும். "ஏனுங்க, எந்தக் கொடிகிட்ட நிக்கறீங்க? பக்கத்துல என்ன குருவி கத்துது? அதைக் கொஞ்சம் கேக்க வையுங்க." சும்மா நிற்க முடியாமல் களை எடுத்தேன், கொடி கட்டினேன். எங்கள் மலைப் பகுதியான திண்ணனூர் நாட்டிலேயே எங்கள் தோட்டத்து மிளகுதான் அந்த வருஷம் உசத்தி. எனக்குத்தான் நாக்கு செத்துப்போயிற்று.

அப்புறம் யுத்தம் வந்தது. ஒயர்லெஸ் பெட்டிகளை எல்லாம் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு. இரண்டு பெட்டிகளையும் எடுத்துப்போனபோது வெளியே கண்ணைத் துடைத்துக்கொண்டேன், உள்ளே கும்மி அடித்தேன்.

அடுத்த சந்தைக்கிழமை தலையில் பாரமில்லை, மனசில் பாரமில்லை. பாதையில் துள்ளி இறங்கினேன்.

"யாரு எறங்குறதூ?"

"செங்கோடன்ன்ன்!"

வழக்கமாகக் கூவிவிட்டு நிற்காமல் நடந்துவிடுவேன். அன்றைக்குக் காலில் முள் ஏறிவிட்டது. உட்கார்ந்து பிடுங்கினேன். அப்போதுதான் காதில் விழுந்தது. எதிர்ச்சரிவுப் பெண் மேலே பார்த்துக் கூவினாள்: "செங்கோடன் எறங்குறாரூ!" அதை மேல்சரிவுக்காரி வாங்கினாள். அவளிடமிருந்து அடுத்த மேட்டுக்காரி வாங்கினாள். என் பெயர் சரிவுக்குச் சரிவு தாவி, நேராக என் ஊட்டு வாசலுக்கே போயிற்று. அதற்கு லைசன்ஸும் இல்லை, பேட்டரியும் இல்லை. எந்த சர்க்காராலும் பறிமுதல் செய்ய முடியாது.

நான் முள்ளைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். போன பெயர் அதே வழியில் பதிலோடு திரும்பி வந்தது.

"கொழம்பு வெக்கலையாமூ!"