ஈவாவின் காலடி மண்

மிளகாய் எரிந்தால் ஏன் நெடி வருகிறது என்று கரும்பலகையில் எழுதி விளக்கக்கூடிய, வேதியியலில் பட்டம் வாங்கிய ஒரு பெண், ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியின் பூட்ஸைத் திருடினாள் என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். மறுத்துவிடலாம் என்றால், எங்கள் வீட்டில் நாலு பேர் கூடினாலே இந்தப் பேச்சு வந்துவிடுகிறது. ஆகவே நானே சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் கடைசி. மதுரையில் ஒரு காம்பவுண்டுக்குள் ஐந்தாறு குடித்தனங்கள், நடுவில் மண் முற்றம், ஒரு அடிபம்பு, ஒரு வேப்பமரம். மாடி அறைக்கு டென்மார்க்கிலிருந்து ஈவா குடிவந்தார். கைத்தறிச் சேலைகளைப் பற்றி ஏதோ ஆராய்ச்சி. அவர் எங்களை ஆராய்ந்தாரா, நாங்கள் அவரையா என்பது கடைசிவரை தெளிவாகவில்லை. தண்ணீர் பிடிக்க இறங்கினால் போதும், பம்படியில் விசாரணை ஆரம்பித்துவிடும்.

"வெயிலே இல்லைங்கிறீங்க, அப்ப வத்தல் எல்லாம் எங்கிட்டு காயப் போடுவீங்க?"

"முப்பது வயசாச்சுங்கிறீங்க, வீட்ல கேக்க ஆளு இல்லையா?"

"ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சமா? கோழியெல்லாம் எப்பத்தான் அடையும்?"

ஈவா எதற்கும் கோபப்பட மாட்டார். யோசித்து, எங்களிடமே கற்றுக்கொண்ட தமிழில் பதில் சொல்வார். கோழிக் கேள்விக்கு மட்டும் ஊரிலிருந்த தன் அம்மாவுக்கு எழுதிக் கேட்டார். (பதிலும் வந்தது. பக்கத்து வீட்டுக் கோழிகள் வெளிச்சத்தைப் பற்றிக் கவலைப்படுவதில்லையாம், களைத்தால் தூங்கிவிடுமாம்.)

ஒரே ஒரு விஷயத்தில் அவர் பிடிவாதம். முற்றத்தில் பூட்ஸ் இல்லாமல் கால் வைக்க மாட்டார். வெப்ப நாட்டு மண்ணில் வெறுங்காலோடு நடந்தால் பாதம் வழியாகப் புழு ஏறும் என்று அவர் ஊர் வைத்தியர் பயமுறுத்தி அனுப்பியிருந்தார்.

"அப்ப எங்க காலுக்குள்ள எம்புட்டுப் புழு இருக்கும்?" என்று எதிர்வீட்டு சரசக்கா கேட்டார். ஈவா அதற்கும் யோசித்தார்.

அப்போது என் மகன் முரளிக்கு எட்டு மாதம். ஒரு சாயங்காலம் ஈவா அவனைப் பார்த்து, "எம்புட்டு அழகு. எம்புட்டு குண்டு" என்று வாயாரச் சொன்னார். வைத்த கண் வாங்காமல் பார்க்கவும் பார்த்தார். மறுநாள் காலையிலிருந்து பிள்ளை பாலைத் தொடவில்லை. கூழை ஊட்டினால் துப்பினான். அதற்கடுத்த நாளும் அதே கதை. தூங்கும்போது மூக்கருகே விரல் வைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

டாக்டர், "ஒண்ணுமில்லம்மா, பல்லு முளைக்குது" என்றார். அவர் சரியாகப் பார்த்தாரோ இல்லையோ என்று சந்தேகம் வந்தது. சாயங்காலம் சேலையை மாற்றிக்கொண்டு, புது ஆள் மாதிரி மறுபடியும் போனேன். "காலையில நீலச் சேலையில வந்தீங்கல்ல?" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் சரசக்கா சொன்னார்: "படிச்சவ நீ, சிரிப்ப. ஆனா கண்ணு வச்சவுக காலடி மண்ணு ஒரு பிடி எடுத்து, மிளகா உப்போட பிள்ளையச் சுத்தி நெருப்புல போடு. பாலுக்கு அழுவான் பாரு."

சிரித்தேன். சிரித்துக்கொண்டே, "பூட்ஸ் போட்டவங்களுக்கு என்ன பண்றது?" என்று கேட்டேன்.

"தோலு மண்ணுல படணும்த்தா. பூட்ஸு மாட்டுத் தோலு, அது மிதிச்ச மண்ணு மாட்டுக் கண்ணுக்குத்தான் ஆகும்."

அன்று ராத்திரி முழுக்க எனக்கும் என் பட்டத்துக்கும் சண்டை. பட்டம் தோற்றது.

மறுநாள் ஈவாவைக் காபிக்கு அழைத்தேன். வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். உள்ளே சிமெண்டுத் தரை, ஒரு மண்ணும் கிடைக்காது. பால் பொங்குகிறது என்று எழுந்து, பின்பக்கமாகச் சுற்றிப் போய், பூட்ஸை வேப்பமரத்துக்குப் பின்னால் வைத்தேன். மரம் வரை அவர் வெறுங்காலோடு நடந்துதானே ஆகவேண்டும்? டப்பா மூடியும் கரண்டியும் முந்தானைக்குள் தயார்.

ஈவா நடக்கவில்லை. வாசற்படியிலேயே நின்றார்.

"சாந்தி, பூட்ஸ் இல்ல."

"நாய் தூக்கிட்டுப் போயிருக்கும்" என்றேன். எங்கள் காம்பவுண்டில் நாய் கிடையாது.

காம்பவுண்டே திரண்டது. கடைசி வீட்டு மாரி அண்ணன் சுவர்மேல் ஏறிப் பார்த்தார். போலீசுக்குச் சொல்லலாம் என்றார் ஒருவர். இன்னொருவர் இரக்கப்பட்டுத் தன் ரப்பர் செருப்பைக் கொண்டுவந்து ஈவாவின் காலடியில் போட்டார். நான் பாய்ந்து போய் அதை எடுத்தேன். "வேணாம்ணே, அவுகளுக்குப் பத்தாது."

அதற்குள் மாரி அண்ணன் மரத்துக்குப் பின்னாலிருந்து பூட்ஸோடு வந்தார். இரண்டும் ஜோடியாக இருந்தன. லேஸ்கள் பூ மாதிரி முடியப்பட்டிருந்தன. (எதையும் ஒழுங்காக வைத்துத்தான் எனக்குப் பழக்கம்.)

"நாயி லேஸ் கட்டுமாத்தா?" என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து முந்தானையிலிருந்து கரண்டி விழுந்தது.

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். இனி என் முகத்தில் விழிக்கமாட்டார், வீட்டைக் காலி செய்துவிடுவார் என்று நினைத்தேன். ஈவா என்னையும் பார்த்தார், என் இடுப்பில் வாடிக் கிடந்த பிள்ளையையும் பார்த்தார்.

"எந்தக் கால்?" என்றார்.

யாருக்கும் தெரியவில்லை. மாரி அண்ணன் வலது என்றார். பொம்பளைக்கு இடதுதான் என்றார் சரசக்கா. "ரெண்டும் வைக்கிறேன்" என்று விரல்களை மடக்கிக்கொண்டு, பூக்குழியில் இறங்குவதுபோல் ஈவா முற்றத்தில் இறங்கினார்.

"எம்புட்டு நேரம் நிக்கணும்?"

அதுவும் யாருக்கும் தெரியவில்லை.

சரசக்கா மண்ணை எடுத்துப் பிள்ளையைச் சுற்றி, மிளகாய் உப்போடு கரியடுப்பில் போட்டார். கண்பட்டது நிஜமென்றால் நெடி வராது என்று யாரோ விளக்க, பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர்போல் ஈவா அடுப்பருகே நின்றார். நெடி கிளம்பியது. காம்பவுண்டே இருமியது. எல்லோரையும்விட அதிகமாக இருமியவர் ஈவா.

"இது நல்லதா?" என்றார் இருமலுக்கு நடுவே.

"நல்லதுத்தா. ஓங்கண்ணு இல்ல" என்றார் சரசக்கா.

ஈவாவின் முகம் மலர்ந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, எங்களில் யாருக்கும் தோன்றாத கேள்வியைக் கேட்டார். "அப்ப யார் கண்ணு?"

சரசக்கா மெதுவாக என் பக்கம் திரும்பினார். "பொழுதன்னைக்கும் பிள்ள மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தா? பெத்தவ கண்ணுதான்."

ஈவா குனிந்து கரண்டியை எடுத்தார். "சாந்தி, செருப்பக் கழத்துங்க."

என் காலடி மண் போனபோது நெடியே வரவில்லை. (அதற்குள் நெருப்பு பாதி சாம்பலாகிவிட்டது. இதை நான் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன், கேட்கத்தான் ஆளில்லை.) அன்று சாயங்காலம் முரளி பாலுக்கு அழுதான். குடித்து முடித்ததும் ஒற்றைப் பல்லால் என்னைக் கடித்தான்.

இப்போது அவனுக்குத் தலை நரைக்கிறது. அவன் சாப்பிடும்போது கொஞ்சம் கூடுதலாகப் பார்த்துவிட்டேனென்றால், "அம்மா, செருப்பக் கழத்திட்டுப் பாருங்க" என்பான். மருமகளும் சொல்லப் பழகிவிட்டாள்.

அவர்கள் கல்யாணப் போட்டோவை ஈவாவுக்கு அனுப்பியிருந்தேன். எம்புட்டு அழகு இரண்டு பேரும் என்று பதில் வந்தது. கூடவே காகிதத்தில் மடித்த ஒரு சிட்டிகைக் கறுப்பு மண். மடிப்பின்மேல் கோணல் தமிழில் எழுதியிருந்தார்: "ரெண்டு காலும்."